தீவில் நான் போட்ட சத்தம்

கொச்சியில் வேலை பார்க்கும் என் மகள் போன் பண்ணி, உங்கள் கல்யாண நாளுக்கு ஒரு பரிசு ஏற்பாடு செய்திருக்கிறேன் என்றபோது, சேலையோ மிக்ஸியோ வரும் என்றுதான் நினைத்தேன். வந்தது என்னவென்றால், சனிக்கிழமை முழுக்க வனத்துக்குள் போய், அணைத் தண்ணீருக்கு நடுவில் இருக்கும் ஒரு தீவில் உட்கார்ந்து மிருகம் பார்ப்பதற்கான சீட்டு. மான் வருமாம், மிளா வருமாம், நீர்நாய் வருமாம், காட்டுப்பன்னி நிச்சயமாக வருமாம். கல்யாணப் பந்தியில் பாயசம் நிச்சயம் உண்டு என்பது மாதிரி அதைச் சொன்னாள். எனக்கு வாயில் நன்றாக வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கேரள எல்லைக்குள் வடகரப்பதிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவளைக் காசு கொடுத்து வண்டி ஏற்றிப் பன்னி பார்க்கக் கூட்டிப் போகிற கூத்தை நான் எங்கே போய்ச் சொல்ல? எங்கள் கடலைக்காட்டுக்குப் பன்னி சொல்லாமல் கொள்ளாமல் தினமும் வருகிறது. கம்பு நட்டு என் பழைய சேலைகளை எல்லாம் சுற்றிலும் கட்டி வைத்திருக்கிறேன். முதல் வாரம் அதைப் பார்த்து மிரண்டன. அப்புறம் சேலைக்கு அடியில் குனிந்து வரப் பழகிக்கொண்டன. பீரோவில் கட்டுவதற்கு மூன்று சேலை மிச்சம், மற்றதெல்லாம் வேலியில்.

இதெல்லாம் மகளுக்குத் தெரியும். ஒன்றுதான் தெரியாது. போன வருஷம் மாசியில் பொழுது இறங்குகிற நேரத்தில் மக்காச்சோளத்துக்குள் போன அவள் அப்பாவை ஒரு பன்னி தொடையில் குத்திவிட்டது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டுப் பத்து நாள் கிடந்தார். வாய்க்கால் மேட்டில் வழுக்கி விழுந்து இரும்புக் கம்பி குத்திவிட்டது என்று மகளிடம் சொல்லச் சொன்னார். அவள் பயப்படுவாளாம். நானும் புத்தி கெட்டுப் போய் அப்படியே சொன்னேன்.

கால் ஆறிவிட்டது. நொண்டல் இல்லை, சைக்கிள்கூட மிதிக்கிறார். ஆனால் அஞ்சரை மணி அடித்தால் மனுஷன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு நாள் தலைவலி என்பார், ஒரு நாள் பனி என்பார், ஒரு நாள் யாரோ போன் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பார். பயமாக இருக்கிறது என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லமாட்டார். சரி போகட்டும் என்று நானே டார்ச்சையும் ஒரு தகரத்தையும் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். பொழுதோட ஒரு தடவை, விடியக் கருக்கலில் ஒரு தடவை. ஒன்றரை வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். போனாயா, வந்தாயா, ஒன்றும் கேட்க மாட்டார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

அந்தச் சனிக்கிழமைக்கு நாலு நாள் முன்னால் நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். எங்கள் நிலம் மொத்தத்தையும் அஞ்சு வருஷக் குத்தகைக்குக் கேட்கிறார் என்பது அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். திங்கட்கிழமை முத்திரைத்தாளோடு வருவதாகப் பேச்சு. ஏனுங்க, நல்ல மண்ணு, எதுக்குக் குடுக்கறீங்க என்று அவரே கேட்டார். அதற்கு என் வீட்டுக்காரர் சொன்ன பதில் இது.

"பன்னி ஓட்டறதுக்கு ஆளில்லீங்க."

நான் டீ டம்ளரோடு அங்கேயே நிற்கிறேன். ஆளில்லையாம். அப்போ நான் யார்? ஒன்றரை வருஷமாக அந்தக் காட்டில் நின்று கத்துவது வைக்கோல் பொம்மையா? வெளியாள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் போனதும் கேட்டேன். உனக்கு ஒண்ணும் தெரியாது புள்ள, குடுத்தறது நல்லது என்றார். அதோடு சரி. நான் வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. களை எடுத்ததும், கடலை பிடுங்கியதும், மகளை மரத்தில் தொட்டில் கட்டிப் போட்டதும் அந்த மண்ணில்தான். அதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுக்கப் போகிறார். மூன்று நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதைக்கூட அவர் கண்டுகொள்ளவில்லை.

இந்த லட்சணத்தில் கல்யாண நாள் பயணம்! வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிடுவார் என்றுதான் நம்பியிருந்தேன். சரி கண்ணு, போலாம் என்று மகளிடம் சொல்லிவிட்டார். வேறென்ன சொல்வார்? மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாளே.

எங்கள் ஜில்லாவில் இருக்கிற வனத்துக்குப் போக, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொள்ளாச்சி வழியாக மலை ஏறி, செக்போஸ்ட் தாண்டி மறுபடி கேரளத்துக்குள் வர வேண்டும். மகள் வாடகைக் கார் பிடித்து வந்திருந்தாள். விடியற்காலையில் கிளம்பியும் போய்ச் சேரும்போது ஒன்பது மணி. அங்கே எங்களுக்காகக் காத்திருந்த வழிகாட்டி, காக்கிச் சட்டை போட்ட நாற்பது வயதுக்காரர். அந்த வனத்துக்குள்ளேயே குடியிருப்பவர். தமிழும் மலையாளமும் கலந்து, பக்கத்தில் குழந்தை தூங்குவது மாதிரி மெதுவாகப் பேசினார். எங்களோடு எறணாகுளத்துக்காரர் ஒருவரும் வந்தார். கைக்குழந்தை கனத்துக்கு ஒரு கேமரா வைத்திருந்தார். நீர்நாயைப் படம் பிடிக்க இது அவருக்கு மூன்றாவது தடவையாம். முதல் இரண்டு தடவையும் கண்ணிலேயே படவில்லையாம்.

வழிகாட்டி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். என் வீட்டுக்காரர் விசேஷத்துக்குப் போவது மாதிரி வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் பளபளவென்று நின்றார். அரை மைல் தூரத்திலிருந்தே மிருகத்துக்குத் தெரியும் என்று சொல்லி, ஒரு பழைய பச்சை மழைக்கோட்டைக் கொடுத்து மேலே போட்டுக்கொள்ளச் சொன்னார். அடுத்தது என் முறை. தலையில் இருந்த மல்லிகையை எடுக்கச் சொன்னார், வாசம் வீசுமாம். முறுக்குப் பொட்டலத்தை வண்டியிலேயே வைக்கச் சொன்னார், கடித்தால் சத்தம் கேட்குமாம். தயிர்சாதம் இருந்த தூக்குப்போசியை மட்டும் விட்டார். "சத்தம் பாடில்ல சேச்சி", சத்தமே கூடாதக்கா, என்று மூன்று தடவை சொன்னார். என்னைப் பார்த்தே மூன்று தடவையும் சொன்னார். நான் என்ன அங்கே கச்சேரி பண்ணவா போயிருக்கிறேன்?

மூங்கில் தெப்பத்தில் அரை மணி நேரம். தண்ணீர் சலனமில்லாமல் கிடந்தது. தீவு என்றதும் நான் மணலும் தென்னையும் நினைத்திருந்தேன். அது முந்தி ஒரு குன்றாக இருந்ததாம், அணை கட்டித் தண்ணீர் ஏறியதும் உச்சி மட்டும் மிஞ்சியதாம். தேக்கும் புதரும் நிறைந்த மேடு, சுற்றிலும் புல்லுக்கரை. அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்படி ஒரு இடத்துக்குச் சண்டையோடு வந்திருக்கிறோமே என்பதில் இன்னும் எரிச்சல் கூடியது.

போகும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் வழிகாட்டியிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பன்னி வருமுங்களா? தண்ணியில நீந்தி வருமுங்களா? எந்தப் பக்கமா வரும்? பகல்லயும் வருமா? யானையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழிகாட்டி பாவம், நல்ல மனுஷன். இவருக்குப் பன்னி மேல் அவ்வளவு ஆசை என்று நினைத்துவிட்டார். நாங்கள் முதலில் தெற்குக் கரையில் உட்கார வேண்டியது. அதை மாற்றி, கவலைப்படாதீங்க சார், நிச்சயமாகக் காட்டுகிறேன் என்று பன்னிகள் சேற்றில் புரளுகிற வடக்குப் பக்கத்துக்கே எங்களைக் கூட்டிப் போனார். நீர்நாயும் அந்தப் பக்கம்தான் மீன் பிடிக்குமாம், கேமராக்காரருக்கும் சந்தோஷம். என் வீட்டுக்காரர் முகம் வெளுத்ததை நான் மட்டும் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லித் தொலைக்கலாமே! சொல்லவில்லை. சொல்லாமலேயே சாகிற ஜாதி.

அங்கே நாலு கம்பு நட்டுப் பச்சைத் துணியைச் சுற்றி ஒரு மறைப்பு கட்டியிருந்தார்கள். துணியில் கண் வைத்துப் பார்க்க ஓட்டைகள். நாங்கள் ஊரில் பன்னியைத் தடுக்கத் துணி கட்டுகிறோம், இங்கே பன்னி கண்ணில் நாம் படாமலிருக்கத் துணி. அதற்குள் ஐந்து பேரும் குனிந்து உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று. முழங்கால் மரத்துப் போனது. தும்மல் வந்தது, மூக்கைப் பிடித்து விழுங்கினேன். தயிர்சாதத்தைத் திருடித் தின்பது மாதிரி ஓசைப்படாமல் தின்றோம். தூரத்தில் மான் இரண்டு தண்ணீர் குடித்துவிட்டுப் போயின. மகள் என் தொடையைக் கிள்ளிக் கிள்ளிக் காட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, இந்தப் பிள்ளை ஆசையாகக் கூட்டி வந்திருக்கிறதே என்று கொஞ்சம் மனசு இளகியது.

மத்தியானம் தாண்டியிருக்கும். வழிகாட்டி ஒரு விரலை உயர்த்தினார். தண்ணீரில் வழவழவென்று மூன்று தலைகள். நீர்நாய்கள். ஒன்று மீனைக் கவ்விக்கொண்டு கரையேறிக் கல் மேல் உட்கார்ந்தது, குட்டிகள் பின்னால் வந்தன. கேமராக்காரர் மூச்சை நிறுத்திவிட்டார். கேமராவை மெதுவாக, ரொம்ப மெதுவாக ஓட்டைக்குள் நுழைத்தார்.

அப்போதுதான் வலது பக்கப் புதர் அசைந்தது. முதலில் தாய், பின்னாலேயே நாலைந்து குட்டிகள். எங்கள் மறைப்புக்குப் பதினைந்து இருபது அடியில் வந்து நின்று, மூக்கால் மண்ணை நெம்ப ஆரம்பித்தது. பார்த்தீங்களா சார் என்பது மாதிரி வழிகாட்டி என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி என்றால் அப்படி ஒரு பிடி. கை சில்லிட்டு, நனைந்து, வெடவெடவென்று ஆடியது. மழைக்கோட்டே சலசலத்தது. நாற்பது வருஷம் விவசாயம் பார்த்த ஆள். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. தினமும் பன்னி வரும் நேரத்துக்குக் கதவைச் சாத்திக்கொள்கிறவரைப் பின் எப்படிப் பார்த்திருப்பேன்?

பன்னி இன்னும் இரண்டு அடி முன்னால் வந்தது. மண் நெம்புகிற அந்தச் சத்தம். வேர் அறுகிற அந்தச் சத்தம். அதற்கு மேல் நடந்தது எதையும் நான் யோசித்துச் செய்யவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். தீவு, நீர்நாய், கேமரா எல்லாம் மறந்து போய்விட்டது. எழுந்து நின்றேன். துணி பிய்ந்தது. தூக்குப்போசி மூடியைக் கரண்டியால் டணடணவென்று அடித்துக்கொண்டு, "ஓஓஓய்! ஏஏஏய்! போ அக்கட்டால!" என்று எங்கள் தோட்டத்தில் போடுகிற சத்தத்தைத் துளியும் குறைக்காமல் போட்டேன்.

எதிர்க்கரை மலையில் பட்டுச் சத்தம் திரும்பி வந்தது. நீர்நாய்கள் தண்ணீருக்குள் விழுந்தன. மரத்திலிருந்த பறவை எல்லாம் கிளம்பியது. பன்னிக் குட்டிகள் சிதறி ஓடின. தாய் மட்டும் ஓடவில்லை. என்னைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி ஒரு கணம் நின்றது. வழிகாட்டி ஒரே தாவில் என் தோளைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தார். அதற்கு வழி கிடைத்ததும் உறுமிக்கொண்டே குட்டிகள் போன திசையில் ஓடிப்போனது.

கேமராக்காரர்தான் முதலில் பேசினார், நிறையப் பேசினார். மலையாளத்தில் பேசியதில் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதும். மூன்று தடவை வந்த மனுஷன், ஒரு படம் எடுக்கவில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வேறு என்ன செய்ய? வழிகாட்டி அவரைச் சமாதானப்படுத்தித் தெப்பத்தின் பக்கம் அனுப்பிவிட்டு வந்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று தலை குனிந்து நின்றேன். திட்டவில்லை. இதுக்கு முன்னாடி எங்க ஓட்டிப் பழகினீங்க என்று கேட்டார். கடலைக்காட்டில், தனியாகத்தான் என்றேன். அவர் வீட்டுக் கப்பைக்கிழங்குத் தோட்டத்துக்கும் பன்னி வருமாம், அவரும் அவர் மனைவியும் சேர்ந்துதான் ஓட்டுவார்களாம். இத்தனை நாள் நீங்கள் தப்பித்ததே பெரிய விஷயம் என்றார். குட்டியோடு இருக்கிற பன்னிக்கு முன்னால் போய் நிற்கவே கூடாதாம். அது ஓட வேண்டிய வழியை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று விரட்ட வேண்டுமாம். ஒருத்தர் தூரத்திலிருந்து வெளிச்சம் பிடிக்க வேண்டும், ஒருத்தர் சத்தம் போட வேண்டும், ஒற்றை ஆளாகப் போகவே கூடாதாம். நான் ஒன்றரை வருஷமாக ஒற்றை ஆளாக, நேருக்கு நேராக, வழியை மறித்துக்கொண்டு நின்று கத்தியிருக்கிறேன்.

மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தார். அம்மா எதுக்கு ஒத்தையில போகோணும், உங்களுக்கு என்னப்பா ஆச்சு என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. இந்தத் தடவை அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

சொன்னார். பன்னி குத்தியதைச் சொன்னார். கம்பி குத்தியது பொய் என்றார். பிறகு மகளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ போனீன்னா நான் படுக்கறதில்ல புள்ள. கதவுக்குப் பின்னாலதான் நிக்கறேன். உன்ற சத்தம் நின்னு போச்சுன்னா, மறுக்காக் கேக்கற வரைக்கும் எனக்கு உசுரு இல்ல. வெளிய வரலாம்னு பாப்பேன். கால் வர மாட்டீங்குது. தோட்டத்தக் குடுத்துட்டா நீ போக மாட்டயில்ல, அதான்."

மகள் அழுதுவிட்டாள். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்கீங்க என்று அழுதுகொண்டே திட்டினாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் இன்னும் ஏறியது. இதை ஒன்றரை வருஷம் முன்னால் சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? பயமாக இருக்கிறது என்ற ஒரு வார்த்தைக்கு இத்தனை பூட்டா? என் மேல் இருக்கிற அக்கறையில் என்னிடமே கேட்காமல் என் காலுக்கடியில் இருக்கிற மண்ணை எடுத்து அடுத்தவனுக்குக் கொடுக்கிற மனுஷனை என்ன செய்ய? தெப்பத்தில் திரும்பி வரும்போது அவர் பக்கத்தில் உட்காரவில்லை. எதிரில் உட்கார்ந்து, வழி முழுக்க முறைத்துக்கொண்டே வந்தேன். குத்தகை கிடையாது, திங்கட்கிழமை அந்த ஆள் வந்தால் நான் பேசிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் நாற்றுப்பண்ணைக்காரர் முத்திரைத்தாளோடு வந்தார். நானே முன்னால் வந்து, கொடுப்பதாக இல்லை, அலைய வைத்ததற்கு மன்னிச்சுக்குங்க என்றேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவ சொல்றதுதானுங்க என்றார்.

அன்றைக்குப் பொழுதோட நான் கிளம்பியபோது அவர் கதவைச் சாத்தவில்லை. வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். டார்ச்சை வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். மோட்டார் ரூம் வரைக்கும் வந்தார். அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை, நானும் வாங்க என்று சொல்லவில்லை. நான் வரப்போடு பக்கவாட்டில் சுற்றிப் போய் நின்றேன். வெளிச்சம் கடலைச் செடி மேல் இங்கும் அங்கும் ஓடியது, ஒரு இடத்தில் நிற்கவில்லை. அந்த வெளிச்சத்தில் பன்னி இருந்தால்கூடத் தெரியாது.

"ஆட்டாமப் புடிங்க" என்று அங்கிருந்தே கத்தினேன்.

"நான் எங்க புள்ள ஆட்டறேன், அதுவா ஆடுது" என்றார்.

சரி, ஆடட்டும் என்று திரும்பிக்கொண்டு சத்தம் போட்டேன்.